உங்கள் ஆய்வு பின்குறிப்பில் இருக்கிறது

கேள்வி: நான் பதினாறு ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு முதல் ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பை வைத்தே ஒரு செயலாய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். படிவமும் கொடுத்துவிட்டார்கள். தலைப்பு, நோக்கம், கருதுகோள் என்று பன்னிரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தையே என்னால் தாண்ட முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் இளைய ஆசிரியர் ஒருவர், யாரும் சொல்லாமலேயே மூன்று ஆண்டுகளாக இப்படி எதையாவது செய்துகொண்டிருக்கிறார். ஓய்வுப் பாடவேளையில் மாணவர்களின் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அதனால் அவருக்குப் பதவியும் இல்லை, பணமும் இல்லை. அவரை எது செலுத்துகிறது? அந்த ஒன்று என்னிடம் இல்லையா? பாடம் நடத்துவது என் வேலை, ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தாரின் வேலை என்று நினைப்பது தவறா?

பின்குறிப்பு: இதை எழுதும்போது பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு பக்கத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு தவற்றுக்கும் சிவப்பு மையில் விளக்கம் எழுதுகிறேன். பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே எல்லாக் குறிகளும் மாறும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அடுத்த தேர்விலும் அதே தவறு. எதற்காகத்தான் எழுதுகிறேனோ.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்றையும் கேட்டுவிட்டு, அது கேள்வி என்றே தெரியாமல் பின்குறிப்பில் போட்டுவிட்டீர்கள். ‘எதற்காகத்தான் எழுதுகிறேனோ’ என்று அலுத்துக்கொண்டு முடித்திருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களின் வகுப்பாய்வுகளுக்குத் துணை நிற்பது என் வேலை. படிவத்தின் முதல் கட்டத்தில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் கேள்வியே இல்லாதவர்கள் மிகக் குறைவு. கையில் இருக்கும் கேள்வி ‘ஆராய்ச்சி’ என்ற பெரிய சொல்லுக்கு முன்னால் நிற்கத் தகுதியற்றது என்று எண்ணி, அதை வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டு உள்ளே வருபவர்கள்தான் அதிகம். உள்ளே வந்ததும் ‘கணிதத் திறன் மேம்பாட்டில் புதுமை உத்திகளின் தாக்கம்’ என்பதுபோல ஒரு தலைப்பைத் தேடுவார்கள். அந்தத் தலைப்பு யாரை எழுப்பி உட்கார வைக்கும்? இத்தனை ஆண்டுகள் படித்த பிறகும் எனக்கு அதைக் கண்டால் கொட்டாவிதான் வருகிறது.

வெளியிலிருந்து வரும் தூண்டுதல்களை முதலில் பேசிவிடுவோம். பதவி உயர்வு, மேற்படிப்பு, நிர்வாகத்தின் உத்தரவு ஆகியவற்றை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். கல்லூரிகளில் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணியே ஒருவரின் மதிப்பை அளந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பாயர் 1990-இல் ஓர் அறிக்கை எழுதினார். புதியதைக் கண்டுபிடிப்பது புலமை என்றால் கற்பிப்பதும் புலமைதான், அதையும் அந்த மரியாதையோடு நடத்துங்கள் என்பது அதன் வாதம். கல்லூரி ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்ந்தால் சக ஆசிரியர்கள் ஏளனமாகப் பார்க்கும் நிலை மாறியதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. வேலைக்கு அங்கீகாரம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உத்தரவால் தொடங்கிய ஆய்வு, அறிக்கையைக் கொடுத்த நாளோடு முடிந்துவிடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவர், மனிதர்கள் எதையும் தானாக விரும்பிச் செய்ய மூன்று உணர்வுகள் வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்: இதை நானே தேர்ந்தேன் என்பது, இது என்னால் முடிகிறது என்பது, இதில் எனக்கு உறவாக மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது. இப்போது உங்கள் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தது அல்ல. முதல் கட்டத்திலேயே உங்களால் முடியவில்லை என்று சொல்லிவிட்டது. தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டியது வேறு. மூன்றையும் ஒரே தாளில் இல்லாமல் செய்துவிட்டு, ஆர்வம் எங்கே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள்.

சரி, யாரும் சொல்லாமல் இதில் இறங்கியவர்களை எது இறக்கியது? எனக்குத் தெரிந்த சிலரின் கதையைச் சொல்கிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கியவர். கடினமான கணக்குகளையும் அவருடைய மாணவர்கள் போட்டுவிடுவார்கள். 1990 வாக்கில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தார். இயற்பியல் பாடம் படித்து முடித்த பிறகும் விசை, இயக்கம் பற்றிய மாணவர்களின் அன்றாட நம்பிக்கைகள் அப்படியே இருக்கின்றன என்று அது சொன்னது. என் மாணவர்களா, இருக்கவே இருக்காது என்று நினைத்து, அந்தக் கட்டுரையில் இருந்த எளிய கேள்விகளையே தன் வகுப்புக்குக் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, நான் இதைப் பற்றி நினைக்கிறபடி எழுத வேண்டுமா?

அந்தக் கேள்வி காதில் விழுந்த ஆசிரியருக்கு அன்று இரவு தூக்கம் எப்படி வந்திருக்கும்? முடிவுகளும் அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தன. பிறகு ஒரே தேர்வில் ஒரே மின்சுற்றுப் பாடத்திலிருந்து சூத்திரம் போட்டுத் தீர்க்கும் கணக்கு ஒன்றும், சூத்திரமே தேவைப்படாத, கருத்து மட்டும் வேண்டிய கேள்வி ஒன்றும் கொடுத்துப் பார்த்தார். கணக்கைப் போட்ட பலர் எளிய கேள்வியில் தடுமாறினார்கள். மாணவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் முறையை அவர் வளர்த்தது அதற்குப் பிறகு. அவரை இறக்கியது ஆராய்ச்சி மோகம் என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சி செய்ய அவருக்கு ஒளியியல் ஏற்கெனவே இருந்தது. தன் வகுப்பைப் பற்றித் தான் நம்பியது பொய்யாகிப்போனதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

யூரி ட்ரைஸ்மனின் கதை வேறு மாதிரியானது; எனக்கு அதுவே நெருக்கமானது. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு மாணவராக இருந்துகொண்டே நுண்கணித வகுப்புகளில் உதவினார். கறுப்பின மாணவர்கள் பலர் அந்தப் பாடத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் பதில்கள் தயாராக இருந்தன: முனைப்பு போதாது, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்குவிப்பு இல்லை, வறுமை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நாமும் சொல்லும் அதே பட்டியல்தான்.

ட்ரைஸ்மன் அந்தப் பட்டியலை நம்பிவிடாமல், 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகச் செய்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய் எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தார். பட்டியலில் இருந்த காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி படித்தார்கள், சொன்ன நேரம் படித்தார்கள், வீட்டாரும் பக்கபலமாக இருந்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் மாலையில் கூடி, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, எல்லோருக்கும் வராத கணக்கு எது, தனக்கு மட்டும் வராத கணக்கு எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டார்கள். தனியாகப் படித்தவருக்கு இந்த வித்தியாசம் தேர்வு வரும்வரை தெரியவே வழியில்லை. ட்ரைஸ்மன் பிறகு கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பயிலரங்குகளை அமைத்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவரிடம் புதிய கற்பித்தல் முறை எதுவும் முதலில் இல்லை. குறிப்பிட்ட சில பிள்ளைகளைப் பற்றிய கவலையும், அவர்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் பதிலின்மேல் சந்தேகமும் மட்டுமே இருந்தன.

மூன்றாவது விவியன் பேலி. மழலையர் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளோடு தான் நடத்தும் கலந்துரையாடல் ஏன் சட்டென்று வாடிவிடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் அவருடைய வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு பேசினார். அவரிடம் பிள்ளைகள் வாயடைக்காமல் பேசினார்கள். பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தனக்கோ சரியான விடை வந்தால் போதும் என்றிருந்தது என்று பேலி கண்டுகொண்டார். அதன்பின் ஒலிப்பதிவுக் கருவியை வகுப்பில் வைத்து, தினமும் பதிந்து, தானே கேட்டு எழுதினார். இதைப் பற்றி அவர் 1986-இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட கருவி அந்த ஒன்றுதான். புள்ளிவிவரம் எதுவும் இல்லை.

அதிர்ச்சி, கவலை, ஆவல் என்று மூன்றுக்கும் மூன்று பெயர் வைக்கலாம். அடியில் இருப்பது ஒன்றே: செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லைப்போல, நடக்கும்போதெல்லாம் உறுத்தும் ஒரு விஷயம். உங்கள் இளைய நண்பருக்கும் ஏதோ ஒரு கல் இருக்கிறது. அந்த நோட்டுகளில் என்ன தேடுகிறார் என்று அவரிடம் இதுவரை கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை.

உறுத்தல் எல்லா ஆசிரியருக்கும் உண்டு. பிறகு ஏன் எல்லோரும் ஆராய்வதில்லை? இதற்கு ராண்டி பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் நல்ல விளக்கம் இருக்கிறது. ஆய்வாளரிடம் போய் ‘உங்கள் ஆய்வுச் சிக்கல் என்ன’ என்று கேட்டால் மகிழ்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். ஆசிரியரிடம் போய் ‘உங்கள் வகுப்பில் என்ன சிக்கல்’ என்று கேட்டால் குற்றம் சாட்டியதாக எடுத்துக்கொள்வார். ஆய்வில் சிக்கல் என்பது முதலீடு. கற்பித்தலில் அது யாரும் பார்ப்பதற்குள் மூடிவிட வேண்டிய ஓட்டை.

நாம் ‘ஆர்வம் இல்லை’ என்று சொல்லும் பல இடங்களில் இந்தப் பயம்தான் உள்ளே இருக்கிறது என்பது என் கணிப்பு. பதினாறு ஆண்டுகள் எழுதிய சிவப்பு மை வீண் என்று தெரியவந்தால்? உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது என்று நான் முடிவுகட்டவில்லை. எனக்கு இருந்தது.

நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்பது என் வழக்கம். மாணவர்மேல் அக்கறை உள்ள ஆசிரியர் என்பதற்கு அதையே சான்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் பாடத்தைப் பதிவுசெய்து கேட்டேன். நாற்பது நிமிடத்தில் முப்பத்தொரு முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட யாரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. சொல்வதற்கு நான் இடமும் விடவில்லை. கேள்வி முடிவதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தேன். அந்தப் பதிவை இரண்டு வாரம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேன், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

பிறகு ஹார்வர்டின் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் 1989-இல் எழுதிய எளிய உத்தியைக் கையாண்டேன். பாடம் முடியும்போது, இன்று எது தெளிவில்லாமல் இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்வது. பெயர் வேண்டாம். முதல் நாள் வந்த தாள்களில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. முறை தோற்றுவிட்டது என்று எண்ணினேன். நான்காம் நாள்தான் எழுதத் தொடங்கினார்கள். அதுவரை இது தங்களுக்கு வைத்த தேர்வு என்று நினைத்திருக்கிறார்கள்! ஒரு தாளில் இப்படி இருந்தது: ‘நீங்கள் வேகமாகப் போகும் இடத்தில்தான் புரிந்ததா என்று கேட்கிறீர்கள். மெதுவாகச் சொல்லும்போது கேட்பதே இல்லை.’ பதிவை மறுபடி எடுத்துக் கேட்டேன். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. எனக்கே பிடிபடாத பாடப்பகுதிகளில்தான் வேகமெடுத்திருக்கிறேன்.

அந்த ஒரு தாளுக்காகவே அடுத்த ஆண்டும் தொடர்ந்தேன். முதல் ஆண்டுக்கு என்னைத் தள்ளியது வெட்கம். அதற்குப் பிறகு இழுத்தது வேறு ஏதோ. அவர்கள் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது நான் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது. உங்கள் முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து நான் தரக்கூடிய பதில் இவ்வளவுதான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தாரின் வேலையா? நிறைய ஆராய்ச்சி அவர்களுடையதுதான், அதை நாம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் 1953-இலேயே ஸ்டீஃபன் கோரி என்ற அமெரிக்கக் கல்வியாளர், மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதால் வகுப்பறை மாறுவது அரிது, தன் வேலையைத் தானே ஆராய்பவர்தான் அதை மாற்றுகிறார் என்று வாதிட்டுச் செயலாய்வைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பாடத்திட்டம் என்பது ஒரு முன்மொழிவு மட்டுமே, ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்த ஆசிரியர் அதைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்றார். வேறொரு பள்ளியில் பலித்தது உங்கள் முன் வரிசைக்குப் பலிக்கும், கடைசி வரிசைக்குப் பலிக்காமல் போகும். அதை வெளியாள் யார் வந்து பார்க்கப்போகிறார்?

உங்கள் பின்குறிப்பையே எடுத்துக்கொள்வோம். ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் சிக்கலுக்கு மிக அருகில் வருகிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் உயர்ந்தன. மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண் பக்கத்தில் வந்ததும் எழுத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

படித்ததும் ‘அப்படியானால் மதிப்பெண்ணை நிறுத்திவிடலாம்’ என்று தோன்றும். பொறுங்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் மாணவர்களைவிடச் சிறியவர்கள். அவர்கள் செய்தது இயற்கணிதத் தேர்வும் இல்லை. பட்லர் உங்களுக்குத் தருவது ஒரு நல்ல சந்தேகம். மீதி உங்கள் வகுப்பில்தான் தெரியவரும்.

பிள்ளைகள் நீங்கள் எழுதியதைப் படிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தாளை மடித்ததைப் பார்த்தீர்கள், தவறு திரும்ப வந்ததைப் பார்த்தீர்கள். இடையில் என்ன நடந்தது என்பதற்கு எனக்கு மூன்று கதைகள் தோன்றுகின்றன. ஒன்று, உண்மையிலேயே படிக்கவில்லை. இரண்டு, படித்தார்கள், ஆனால் நீங்கள் எழுதியது அவர்களுக்கு எட்டவில்லை. ‘எல்லாக் குறிகளும் மாறும்’ என்பது உங்களுக்கு விளக்கம். விதி தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு கட்டளை. அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல், உள்ளே இருக்கும் முழுத் தொகையையும் மைனஸ் ஒன்றால் பெருக்குகிறது என்ற எண்ணமே அவளுக்கு இல்லாமல் இருக்கலாம். மூன்று, படித்தார்கள், அப்போது புரிந்தும் விட்டது, ஆனால் புரிந்ததைப் பயன்படுத்த அடுத்த தேர்வுவரை ஒரு வாய்ப்பும் வரவில்லை. ஆறு வாரத்தில் மறந்துபோனது.

மூன்று கதைக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு, மதிப்பெண்ணை ஒருநாள் தள்ளிக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாவதற்கு, உங்கள் குறிப்பின் மொழியை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு, சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். தாள் கொடுத்த அன்றே அதே வகையில் இரண்டு கணக்குகள் போடச் சொன்னால் போதும். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலான செயலாய்வு அறிக்கைகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஒரு புதுமையைக் கொண்டுவந்து, முன்தேர்வு பின்தேர்வு வைத்து, சராசரி உயர்ந்தது என்று முடித்துவிடுவார்கள். ஒரு பாடத்தை இரண்டாம் முறை நடத்தினால் சராசரி உயரத்தானே செய்யும்?

ஆகவே முதலில் எதையும் மாற்றாமல் பாருங்கள். கணக்கில் எத்தனையோ வகைத் தவறுகள் இருக்கலாம், இந்தக் கழித்தல் குறித் தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன தேர்விலும் இந்தத் தேர்விலும் யார் யார் அதைச் செய்தார்கள் என்று எண்ணுங்கள். இரண்டிலும் செய்தவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. நமக்கு எரிச்சல் தந்த தவறு எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியும். எண்ணும் வேலையை நீங்கள் மட்டும் செய்யாதீர்கள். உங்கள் இளைய நண்பரிடம் பெயரை மறைத்துத் தாள்களைக் கொடுத்து அவரையும் எண்ணச் சொல்லுங்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாத இடங்களில் எது ‘அதே தவறு’ என்று பேச வேண்டியிருக்கும். ஆய்வின் நல்ல பகுதி பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் கிடைக்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1993-இல் ஒரு கட்டுரையில் ஆசிரியரின் தனிமையைப் பற்றிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆய்வு செய்யும்போது ஓர் அறிவுச் சமூகத்தின் நடுவே இருக்கிறோம், வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் தனியாளாகிவிடுகிறோம் என்றார் அவர். ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்து, பிறகு கூடிப் பேசும் பாட ஆய்வு முறை தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்கு இந்தத் துணையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். தனியாளாக ஆய்வு தொடங்கியவர்களில் மூன்றாம் ஆண்டும் தொடர்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் நண்பர் விதிவிலக்கு. அல்லது, அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், உங்களுக்குத் தெரியாது.

எச்சரிக்கைகள் சில. ஆராயப்படுபவர்கள் உங்களிடம் மதிப்பெண் வாங்க வேண்டிய பிள்ளைகள். நீங்கள் கேட்டால் அவர்களால் எளிதில் மறுக்க முடியாது. அதனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள், சொல்லும் பதிலால் மதிப்பெண்ணுக்கு எதுவும் ஆகாது என்பதையும் சொல்லுங்கள். அறிக்கையில் அவர்கள் எழுதியதை எடுத்தாள்வதாக இருந்தால் அவர்களையும் பெற்றோரையும் கேளுங்கள்; யாருடைய தாள் என்று அடையாளம் தெரியக்கூடாது. மதிப்பெண்ணைத் தள்ளிக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டிப் பேசிவிடுங்கள்; இல்லையென்றால் மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள். பயன் தரும் என்று நீங்கள் நம்பும் ஒன்றைப் பாதி வகுப்புக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதிக்கு மறுக்கவும் வேண்டாம். ஒரு மாதம் ஒரு பிரிவு, அடுத்த மாதம் மறுபிரிவு என்று மாற்றிச் செய்தால் இரு பக்கமும் பெறும், உங்களுக்கும் ஒப்பிட வழி கிடைக்கும்.

முடிவு உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டால் என்ன செய்வது? அப்படியே எழுதுங்கள். ‘குறிப்பின் மொழியை மாற்றினேன், தவறு குறையவில்லை, காரணம் மொழியில் இல்லை என்று இப்போது தெரிகிறது’ என்ற ஒரு பக்க அறிக்கையை, எல்லாம் பலித்ததாகச் சொல்லும் இருபது பக்க அறிக்கையைவிட நான் நம்புவேன். உங்கள் நிர்வாகம் நம்புமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பன்னிரண்டு கட்டப் படிவங்களைத் தயாரிப்பவர்களுக்கு வெற்றிக் கதைகளின்மேல் ஒரு மோகம் உண்டு. அதற்காக எண்களைத் திருத்த வேண்டாம். பிள்ளைகளின் விடைத்தாளில் நாம் எதைச் சிவப்பு மையால் சுழிப்போமோ அதையே நாம் செய்ததாகிவிடும்.

இப்போது பக்கத்தில் கிடக்கும் கட்டு. அதை வழக்கம்போலத் திருத்திக் கொடுத்துவிடுங்கள். பாடத்தில் நன்றாகச் செய்பவர்கள் இருவர், நடுவில் இருப்பவர்கள் இருவர், கழித்தல் குறியோடு ஆண்டு முழுவதும் போராடும் ஒருவர் என்று ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களைப் போன தேர்வின் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு சிவப்புக் குறிப்புக்கும் பக்கத்தில், ‘ஆசிரியை இங்கே என்ன சொல்கிறார்’ என்று அவர்கள் சொந்த வார்த்தையில் பென்சிலால் எழுதித் தரட்டும். பத்து நிமிட வேலை. ஐவரில் ஒருவராவது தாளைத் தொலைத்திருப்பார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பென்சில் வரிகளை உங்கள் நண்பரோடு உட்கார்ந்து படியுங்கள். படிவத்தின் முதல் கட்டம் அதுவரை காலியாகவே இருக்கட்டும். கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரமாவது இருக்கும் என்று நம்புகிறேன்.